நிலையத்தின் வாசலில் இறங்கப்போவது யார்?

என் அம்மா வீட்டுவேலைக்குப் போகும் தெருவின் முனையில் மூன்று ஆண்டுகளாகச் சுரங்க ரயில் நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளம் தோண்டத் தொடங்கிய வாரத்திலேயே, அந்த முனையில் இருந்த பேருந்து நிறுத்தத்தைப் பிடுங்கி அடுத்த சிக்னலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். 'தற்காலிக மாற்றம்' என்று ஒரு தகரப் பலகை தொங்கியது. அறுநூறு, எழுநூறு மீட்டர் தூரம்தான். ஆனால் மூட்டு தேய்ந்துபோன 56 வயதுப் பெண்ணுக்கு, ஆறரை மணிக்குள் முதல் வீட்டு வாசலைத் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டிய பெண்ணுக்கு, அது 15 நிமிட நடை. போக 15, வர 15. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 150 மணி நேரம். அந்த நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

சென்ற மாதம் அந்த நிலையம் குறித்து ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பேருந்து எங்கே நிற்பது, ஆட்டோ எங்கே நிற்பது, பயணிகள் தங்கள் வண்டிகளை எங்கே விடுவது என்று பகுதி மக்களிடம் கேட்கும் கூட்டம். அம்மா வேலைசெய்யும் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ரயில் படம் போட்டிருந்ததால் கைப்பேசியில் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். புதன்கிழமை காலை 11 மணி. அந்த நேரத்தில் அவர் மூன்றாவது வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தார்கள். பழைய பேருந்து நிறுத்தம் இருந்த இடத்தைத் தேடினேன். அங்கே இப்போது 'கார் ஏற்றி இறக்கும் இடம்' என்று நீலநிறக் கட்டம். அதற்குப் பின்னால், கட்டுமானத்துக்காக எடுத்த நிலத்தில், கார் நிறுத்துமிடம். ஓரமாக இருசக்கர வாகனங்களுக்கு ஒரு பகுதி. பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்டேன். "இப்ப இருக்கிற எடத்துலயே கன்டினியூ ஆகும் மேடம்" என்றார் விளக்கம் சொன்னவர். தற்காலிகம் என்று சொன்னது மூன்று ஆண்டில் நிரந்தரமாகியிருந்தது.

பேச எழுந்தவர்களில் பெரும்பாலோர் குடியிருப்போர் நலச் சங்கத்தினர். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு முதியவர் சாய்தளம் வேண்டும், லிஃப்ட் எப்போதும் வேலை செய்ய வேண்டும் என்றார். எனக்கும் அதே கோரிக்கைதான். ஆனால் பேருந்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் அறையின் குரல் மாறியது. பேருந்து நிறுத்தம் நிலைய வாசலுக்கு வந்தால் கூட்டம் சேரும், ஷேர் ஆட்டோக்கள் மொய்க்கும், தள்ளுவண்டிகள் வரும், தெரு அசுத்தமாகும், பெண்பிள்ளைகள் நடமாட முடியாது, ஏரியாவே கெட்டுப்போகும் என்று வரிசையாகச் சொன்னார்கள். கார் நிறுத்துமிடத்தில் இன்னும் அதிக இடம் வேண்டும் என்று மூன்று பேர் கேட்டார்கள். பேருந்தில் வரும் வேலையாட்கள் என்ன செய்வார்கள் என்று நான் எழுந்து கேட்டபோது, ஒரு அம்மையார் சாதாரணமாகத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அவங்க எப்படியும் நடந்து வந்துடுவாங்கம்மா."

அவர் சொன்னது உண்மைதான். எப்படியும் நடந்து வந்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகளாக நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த அறையில் யாரும் சாதிப் பெயர் எதையும் உச்சரிக்கவில்லை. நகரத்தில் அதற்குத் தேவையும் இல்லை. ஊரில் 'அந்தத் தெரு ஆட்கள்' என்று சொல்வதை இங்கே 'கூட்டம்' என்கிறார்கள். தீட்டு என்பதை 'சுத்தம்' என்கிறார்கள். பேருந்தில் யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

தோழர்களே, ரயில் நிலையமும் அதைத் தாண்டிய சாலையும் நமக்குப் புதிய பிரச்சினை அல்ல. 1901-இல், சுமார் பத்து வயதுச் சிறுவனாக இருந்த அம்பேத்கர், கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் ரயில் ஏறி மசூர் நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை உடுத்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்து நிலைய அதிகாரி முதலில் கனிவாகத்தான் விசாரித்தார். மகர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போனார். வெளியே மாட்டுவண்டிகள் நின்றன. ஒரு வண்டிக்காரரும் அவர்களை ஏற்ற முன்வரவில்லை. கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு, வண்டிக்காரர் கூடவே நடந்து வருவது என்று ஏற்பாடு ஆனது. இரவெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அவர் எழுதியிருக்கும் முதல் நிகழ்ச்சி இது.

இதை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். போக்குவரத்துத் திட்டக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். ரயில் அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டது. பயணச்சீட்டு வாங்கினார்கள், உட்கார்ந்தார்கள், வந்து சேர்ந்தார்கள். சாதி அவர்களுக்காக நிலையத்துக்கு வெளியே, வண்டி நிற்கும் இடத்தில் காத்திருந்தது. இன்றைய திட்ட வல்லுநர்கள் 'கடைசி மைல்' என்று சொல்கிறார்களே, அந்தக் கடைசி மைலில்தான் அது நின்றது.

அதனால்தான் சாதி ஒழிப்பு இயக்கங்கள் வண்டியையும் சாலையையும் விட்டுவைக்கவில்லை. 1893-இல் அய்யன்காளி வில்வண்டி ஏறித் திருவிதாங்கூரின் பொதுச்சாலையில் போனார். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்து முதலாளிகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். உரிமம் தருகிற கையில் அதிகாரம் இருந்தது; அந்த அதிகாரத்தை அவர் பயன்படுத்தினார். 2021-இல் வந்த 'கர்ணன்' படம் ஒரு ஊரில் பேருந்து நிற்காததைச் சுற்றியே கதை சொன்னபோது, தென்மாவட்டத் தோழர்கள் எத்தனை பேர் அதைத் தங்கள் ஊர்க் கதையாகப் பார்த்தார்கள் என்பது நினைவிருக்கும்.

சென்னையில் பேருந்து நிற்கிறது. எங்கே நிற்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

எங்கள் குடும்பம் அடையாற்றங்கரையில் இருந்தது. அம்மா அங்கிருந்து வேலைக்கு நடந்தே போவார், 20 நிமிடம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். எட்டு மாடிக் கட்டடம், ஒரு வீடு, ஒரு சாவி. நகரத்துக்குள்ளிருந்து இப்படிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். 2019 கடைசியில் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகரை இடித்து அந்த மக்களையும் பெரும்பாக்கத்துக்கே அனுப்பினார்கள். தலித் பெண் அமைச்சராக இருந்து மக்களுக்காகப் பேசிய ஒருவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது.

வீட்டை 25 கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். வேலையைத் தள்ளி வைக்க முடியவில்லை. துலக்க வேண்டிய பாத்திரமும் கூட்ட வேண்டிய தெருவும் காவல் காக்க வேண்டிய கட்டடமும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. அம்மா இப்போது நாலு மணிக்கு எழுகிறார். இரண்டு பேருந்து மாறுகிறார். ஒரு பேருந்து தவறினால் முதல் வீட்டில் பேச்சு கேட்க வேண்டும். இரண்டு நாள் தவறினால் அந்த வீடு போய்விடும். பெரும்பாக்கம் வந்த புதிதில் எங்கள் மாடியிலேயே நான்கு பெண்கள் வேலையை விட்டார்கள். போக்குவரத்துக்கு ஆகும் காசும் நேரமும் சம்பளத்தைத் தின்றுவிட்டன.

அதன் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. 2021 மே மாதம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. அம்மாவின் கையில் மாதாமாதம் காசு மிஞ்சத் தொடங்கியது அன்றைக்குத்தான். வேலையை விட்ட பெண்களில் இரண்டு பேர் திரும்பப் போனார்கள். இலவசம், ஓசி என்று கிண்டல் செய்தவர்களுக்கு எங்கள் மாடியைக் காட்ட வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தைப் பார்க்க வேண்டும். 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், 63,246 கோடி ரூபாய்த் திட்டம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மூன்றாவது வழித்தடம் ஓட்டேரி, பட்டாளம், புரசைவாக்கம், மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாகப் பூமிக்கடியில் வந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் மேலே ஏறி, சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி வழியாகப் போகிறது. வடசென்னையின் உழைக்கும் மக்களையும் தென்கோடி மறுகுடியேற்றப் பகுதிகளையும் ஒரே கோட்டில் இணைக்கக்கூடிய தடம். பெரும்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஒரு சிறு பேருந்து, அங்கிருந்து ரயில், இறங்கியதும் வேலை செய்யும் தெரு என்று அமைந்தால் அம்மாவின் பயண நேரம் பாதியாகலாம். நாலு மணிக்கு எழுகிறவர் ஐந்து மணிக்கு எழலாம். அந்த ஒரு மணி நேரத் தூக்கம்தான் இந்தத் திட்டத்தில் எனக்கு வேண்டியது.

ஆனால் அது தானாக நடக்காது. ரயில் பாதை பொறியாளர் கையில் இருக்கிறது. அந்த ரயில் யாருக்கு என்பதை நிலைய வாசலில் முதல் 100 மீட்டர் தீர்மானிக்கிறது. முதல் கட்டத்தில் இதைப் பார்த்துவிட்டோம். 2015-இல் ஆலந்தூர்–கோயம்பேடு தடம் திறந்தபோது குளிரூட்டப்பட்ட பெட்டியும் பளபளக்கும் நிலையமும் வந்தன. பேருந்தை நிலையத்தோடு சேர்ப்பதும் சிறு பேருந்து விடுவதும் பிறகு துண்டுதுண்டாக நடந்தன. இன்றும் பல நிலையங்களில் படியேறி வெளியே வந்தவுடன் கண்ணில் படுவது வண்டி நிறுத்துமிடத்தின் பெயர்ப்பலகை. பேருந்து நிறுத்தத்தைத் தேடித்தான் போக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 2024 முழுவதும் சென்னை மெட்ரோவில் பயணித்தவர்கள் சுமார் 10.5 கோடி. அதாவது நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகளை வைத்துக்கொண்டு மாநகர் போக்குவரத்துக் கழகம் ஒரு நாளில் ஏற்றுவது 30 லட்சத்துக்கும் மேல். ரயில் ஏற்றுவதைப்போலப் பத்து மடங்கு. அந்தப் பத்து மடங்கு மக்களிலிருந்து ஆளை எடுக்காமல் மெட்ரோ ஒருநாளும் நிரம்பாது. பேருந்தை வாசலுக்குக் கொண்டுவருவது ஏழைக்குச் செய்யும் தருமம் இல்லை. 63,246 கோடியை வீணாக்காமல் இருப்பதற்கான வழி.

இப்போது நிறுத்துமிடத்தின் கணக்கு. ஒரு காரைத் திறந்தவெளியில் நிறுத்த, அது வந்து திரும்பும் இடத்தையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் வேண்டும் என்று நகரத் திட்ட அளவுகோல்கள் சொல்கின்றன. தரைக்குக் கீழே என்றால் 32 சதுர மீட்டர். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உட்பரப்பு 30 சதுர மீட்டர் வரை. நகரத்தின் நடுவில் ஒரு கார் பகல் முழுக்கத் தூங்குவதற்கு ஒதுக்கும் இடமும், நகரத்துக்கு வெளியே ஒரு குடும்பம் ஆயுள் முழுக்க வாழ ஒதுக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்று. எங்களுக்கு நகரத்துக்குள் இடமில்லை என்று சொல்லித்தான் வெளியே அனுப்பினார்கள்.

நூறு கார்களை நிறுத்த 2,300 சதுர மீட்டர், அரை ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். ஒரு காரில் ஒருவர் அல்லது இருவர் வருவார்கள். காலையில் விட்டால் மாலையில்தான் எடுப்பார்கள். ஆக, அரை ஏக்கர் நிலம் ரயிலுக்குக் கொடுக்கும் பயணிகள் நூற்றைம்பது பேர். மூன்று பெட்டி ரயில் ஒன்றே ஏறக்குறைய ஆயிரம் பேரை ஏற்றும். நாள் முழுக்க அந்த நிறுத்துமிடம் தரும் ஆட்கள் ஒரு ரயிலின் ஒரு மூலைக்குப் போதாது. மூன்று கார் நிற்கும் இடத்தில் ஒரு பேருந்து நிறுத்தம் அமைத்து, மணிக்கு 12 பேருந்து வந்து ஒவ்வொன்றிலிருந்தும் 20 பேர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 240 பேர். இதில் சித்தாந்தம் எதுவும் இல்லை, ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் கார் வைத்திருந்தவை 4.7 விழுக்காடு. இருசக்கர வாகனம் வைத்திருந்தவை 21 விழுக்காடு. அதற்குப் பிறகு இந்த எண்கள் கூடியிருக்கின்றன, நகரத்தில் இன்னும் அதிகம். ஆனாலும் காருக்காக நிலத்தைப் பிரித்துக் கொடுத்தால் சமூகத்தின் எந்த அடுக்குக்குக் கொடுக்கிறோம் என்பதில் ஐயம் இல்லை. நிலமே கிடைக்காமல் செய்யப்பட்ட மக்களின் வரிப்பணத்திலும் வாங்கிய பொதுநிலம் அது.

இங்கே ஒரு கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது என்னோடு வேலைபார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "நானும் தலித்துதான். கடன் வாங்கிப் பைக் வாங்கியிருக்கேன். எங்க ஏரியாவுக்கு ஒன்பது மணிக்கு மேல பஸ் கெடையாது. ஸ்டேஷன்ல வண்டி விடலைன்னா நான் எப்படிப் போறது?" நியாயமான கேள்வி. இரவுப்பணி முடிந்து திரும்பும் செவிலியருக்கும், புறநகரின் கடைசித் தெருவில் வாடகைக்கு இருப்பவருக்கும், மூன்றுசக்கர வண்டி ஓட்டும் மாற்றுத்திறனாளிக்கும் நிறுத்துமிடம் வேண்டும். நிறுத்துமிடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வரிசை மாற வேண்டும் என்கிறேன். முதலில் நடந்து வருகிறவர், அடுத்து மிதிவண்டி, அடுத்து பேருந்து, அடுத்து ஷேர் ஆட்டோ, அடுத்து இருசக்கர வண்டி, எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் கார். மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு மட்டும் எந்த வரிசையும் இல்லாமல் வாசலிலேயே இடம். வழித்தடத்தின் கடைசியில், புறநகரில் இருக்கும் நிலையத்தில் பைக் நிறுத்துமிடம் பெரிதாக இருக்கலாம். நகரத்தின் நடுவில், சுற்றிலும் மக்கள் நெருக்கமாக வாழும் சுரங்க நிலையத்தில் அரை ஏக்கரைக் காருக்குக் கொடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

என் நண்பரின் கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் பேருந்து இல்லாததால்தான் அவர் கடன் வாங்கினார். வண்டி வாங்குவது எல்லோருக்கும் ஆசையால் நடப்பதில்லை. பேருந்து கைவிட்ட இடத்தில் மாதத் தவணை வந்து உட்காருகிறது.

வண்டி வாங்க முடியாதவர் என்ன செய்வார்? வாடகை வண்டிச் செயலியைத் திறப்பார். இரவு பத்து மணிக்கு, போக வேண்டிய இடம் பெரும்பாக்கம் குடியிருப்பு என்று போட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் ஓட்டுநர் ரத்து செய்வார். இரண்டாமவர் அழைத்து, "எந்தப் பக்கம்மா, ஹவுசிங் போர்டா?" என்று கேட்டுவிட்டு ரத்து செய்வார். மூன்றாமவர் கூடுதலாக நூறு ரூபாய் கேட்பார். அந்த ஓட்டுநர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். திரும்பி வரும்போது சவாரி கிடைக்காது என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் முகவரியைக் கேட்டதும் மாறும் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மசூர் நிலையத்தின் மாட்டுவண்டிகள் நினைவுக்கு வருகின்றன. கடைசி மைலைச் சந்தையிடம் விட்டால் சந்தை முகவரி பார்க்கும். பேருந்து பார்க்காது. அரசுப் பேருந்தை நாம் விட்டுக்கொடுக்க முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

சட்டமும் கொள்கையும் நம் பக்கம்தான் இருக்கின்றன. 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையைப் பங்கிடும்போது வண்டிகளை முன்வைக்காமல் மனிதர்களை முன்வைக்கச் சொல்கிறது. 2017-இன் மெட்ரோ ரயில் கொள்கை, நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பகுதியைக் கணக்கில் எடுத்து, இணைப்புப் பேருந்துக்கும் நடைபாதைக்கும் மிதிவண்டிப் பாதைக்கும் திட்ட அறிக்கையிலேயே மாநில அரசு உறுதி தர வேண்டும் என்கிறது. பேருந்து, ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒன்றாகத் திட்டமிடச் சென்னைக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. அதற்கான சட்டம் 2010-இல் வந்தது. குழுமத்தின் முதல் கூட்டம் நடக்க 2022 ஆனது. காகிதத்தில் இருப்பதைத் தரைக்குக் கொண்டுவர அழுத்தம் வேண்டும். இப்போது அழுத்தம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் வருகிறது. புதன்கிழமை 11 மணிக்கு ஓய்வாக இருக்கும் பக்கத்திலிருந்து.

ஆகவே நாம் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, கட்டுமானத்துக்காகத் 'தற்காலிகமாக' நகர்த்திய பேருந்து நிறுத்தங்கள் அனைத்தும் நிலைய வாசலுக்கே திரும்ப வேண்டும். வாசலிலிருந்து 100 மீட்டருக்குள், சாலையின் இரு பக்கமும், கூரையும் இருக்கையும் விளக்கும் கழிப்பறையும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் எந்த நிறுத்தம் எங்கிருந்து எங்கே போனது, எப்போது திரும்பும் என்ற பட்டியலை வெளியிட வேண்டும்.

இரண்டு, இணைப்புப் பேருந்துகள் கட்டணமில்லாப் பயணம் செல்லுபடியாகும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளாக இருக்க வேண்டும். பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரிக் குடியிருப்புகளின் உள்ளே வரை வந்து ஏற்ற வேண்டும். தனியார் சிற்றுந்திடம் அந்த வேலையைக் கொடுத்தால், பேருந்தில் காசில்லாமல் வந்த பெண் ரயிலுக்குப் போக மட்டும் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்று, முதல் ரயிலுக்கு முன்பே முதல் இணைப்புப் பேருந்து கிளம்ப வேண்டும். கடைசி ரயிலுக்குப் பிறகே கடைசிப் பேருந்து போக வேண்டும். தூய்மைப் பணியாளரும் வீட்டுவேலைப் பெண்ணும் காவலாளியும் பயணிக்கும் நேரம் அதுதான்.

நான்கு, ரயில் வந்துவிட்டது என்று காரணம் காட்டி அதே சாலையில் ஓடும் சாதாரணப் பேருந்துகளைக் குறைக்கக் கூடாது. மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50. அம்மா இன்று கொடுப்பது பூஜ்யம். பேருந்தை எடுத்துவிட்டு ரயிலில் போ என்று சொன்னால், கொடுத்த உரிமையைச் சத்தமில்லாமல் பறிப்பதாகும். உண்மையில் கேட்க வேண்டியது, பேருந்துக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒரே சீட்டும், அதில் பெண்களுக்கும் மாணவர்களுக்கும் சலுகையும்.

ஐந்து, நிலைய வாசலில் காய், பூ, இட்லி விற்கும் பெண்களை 'ஆக்கிரமிப்பு' என்று விரட்டக் கூடாது. 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் சேரும் என்று பயந்தார்களே, கூட்டம் சேருவதற்குத்தான் ரயில் நிலையம் கட்டுகிறோம்.

ஆறு, கருத்துக் கேட்பு என்றால் பேருந்தில் வருகிறவரையும் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டம் நடக்கட்டும். அறிவிப்பைப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டட்டும். நிலையத்தைச் சுற்றி வேலை செய்கிறவர்களின் குடியிருப்புகளிலும், அவர்கள் பெரும்பாக்கத்தில் இருந்தாலும், கூட்டம் நடத்தட்டும். நிலையம் இருக்கும் தெருவில் வீடு வைத்திருப்பவருக்கு மட்டுமே அது சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் கோயில் நுழைவைப் பேசுகிறோம், இரட்டைக் குவளையைப் பேசுகிறோம், ஆணவக் கொலையைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். அதோடு வரைபடம் படிக்கவும் கற்றுக்கொள்வோம். உங்கள் பகுதியில் நிலையம் வருகிறதென்றால் அதன் திட்டப்படத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். காருக்கு எத்தனை சதுர மீட்டர், பேருந்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். காலை ஆறு மணிக்கு நிறுத்தத்தில் போய் நின்று, இறங்குகிறவர்களிடம் எங்கிருந்து வருகிறீர்கள், எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளோடு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நீலநிறக் கட்டங்கள் இன்னும் சிமென்ட் ஆகவில்லை. கான்கிரீட் கொட்டிய பிறகு நம்மிடம் சொல்லப்போவது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான்.

அன்று நான் பேசியது இரண்டு நிமிடம். குறிப்பெடுத்தவர் என் பேச்சுக்கு நேரே 'பேருந்து நிறுத்தம் - பரிசீலனை' என்று எழுதியதை எட்டிப் பார்த்தேன். வெளியே வந்தபோது அம்மா வேலை முடித்துக் கேட் அருகே நின்றார். இருவரும் தகர வேலியை ஒட்டி அந்த எழுநூறு மீட்டரை நடந்தோம். வேலியில் சிரித்த முகத்தோடு ரயிலில் போகும் குடும்பத்தின் படம் வரைந்திருந்தது.

"ஏன்டி, நம்ம ஸ்டாப்பு திரும்ப வருதாமா?" என்று கேட்டார்.

"கேட்டிருக்கேன்மா" என்றேன்.

"ஒருத்தி கேட்டா எப்படித் தருவாங்க?" என்றார். "அடுத்த தபா ஞாயித்துக்கெழமை வெக்கச் சொல்லு. எங்க பஸ்ஸுல வர்ற எல்லாரையும் இட்டாந்துடறேன்."